கையில் இல்லை, காற்றில் இருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் நச்சியல், அதாவது விஷங்களைப் பற்றிய படிப்பு, என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு பாம்பு, அரளிவிதை, சயனைடு என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். நான் பேசப்போவது மாதச் சம்பளத்துக்காக ஒருவர் தினமும் மூச்சில் இழுக்கிற விஷத்தைப் பற்றி. அந்த விஷத்தைத் தேடி ஆலை ஆலையாக ஏறி இறங்கியதையே தொழிலாக வைத்துக்கொண்ட ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க டாக்டரம்மாவின் கதை இது.

1869இல் பிறந்தவர், 1893இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார். 1897இல் சிகாகோவுக்கு வந்து ஹல் ஹவுஸில் குடியேறினார். ஏழைகளும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களும் நிறைந்த பகுதியில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய இல்லம் அது. பகலில் கல்லூரியில் நோயியல் பாடம் எடுப்பார், மற்ற நேரத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்ப்பார். அந்தக் குழந்தைகளின் அப்பாக்கள்தான் அவரை இந்தப் பக்கம் இழுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஆலை வேலைக்குப் போன திடமான ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார்கள், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு துவண்டு தொங்குகிறது, உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறின் ஓரத்தில் கருநீலமாக ஒரு கோடு. ஈயம் உடம்பில் ஏறியதற்கான அடையாளங்கள் இவை.

1910இல் இல்லினாய் மாநிலம் தொழில்சார் நோய்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பை இவரிடம் கொடுத்தது. ஆலைக்குள் நுழைய இவருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது, முதலாளி வா என்றால் உள்ளே, போ என்றால் வெளியே. அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டினார், மருந்துக்கடைக்காரர்களைக் கேட்டார், பாதிரியார்களைக் கேட்டார், வீட்டுக்கே போய்ப் பெண்களிடம் விசாரித்தார். எந்த ஆள் எந்த ஆலையில் எந்த வேலை செய்து படுத்தான் என்று பிடித்துக்கொண்டு அந்த ஆலையின் கதவைத் தட்டினார். அதே வருஷம் பிரஸ்ஸல்ஸில் நடந்த மாநாட்டில், அமெரிக்காவில் தொழில் சுகாதாரம் என்ற ஒன்றே கிடையாது என்று பெல்ஜிய அதிகாரி ஒருவர் எல்லார் முன்னாலும் சொல்ல, அங்கே போயிருந்த ஹாமில்டனால் மறுத்துப் பேச முடியவில்லை. உண்மையாயிற்றே!

குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் வேலையை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஆலையில் முதலில் அவருக்குக் காட்டிய இடத்தில் ஆபத்து எதுவும் தெரியவில்லை. தொழிலாளிகளின் வீட்டில் போய்க் கேட்டபோதுதான் நிஜமான வேலை வேறு இடத்தில் நடக்கிறது என்று தெரிந்தது. உலையிலிருந்து செக்கச்செவேல் என்று காய்ந்த இரும்புத் தொட்டியை வெளியே இழுப்பார்கள். நீளக் கைப்பிடி போட்ட சல்லடையால் ஒரு ஆள் அதன்மேல் எனாமல் பொடியைத் தூவுவான். பொடி பட்டதும் உருகி வழிந்து கண்ணாடிப் பூச்சாகிவிடும். தொட்டி ஆறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் உயிரைக் கொடுத்து வேலை செய்வான், மூச்சு வாங்கும், மூச்சு வாங்க வாங்க அந்தப் பொடி உள்ளே போகும். தொட்டி மறுபடி உலைக்குப் போகிற இடைவெளியில் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவான். அந்தப் பொடியை வாங்கிச் சோதித்தால், வயிற்றில் கரையக்கூடிய ஈயம் 20 சதவீதம் வரை இருந்தது.

இதைக் கொண்டுபோய்ச் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: வெந்நீர் கொடுக்கிறோம், சோப்பு கொடுக்கிறோம், இந்த ஆட்கள் கை கழுவாமல் சாப்பிட்டால் நாங்கள் என்ன செய்ய? அன்றைக்கு மருத்துவர்களிலும் பலர் அப்படித்தான் நம்பினார்கள். ஹாமில்டன் விடாமல் சொன்னது ஒன்றுதான். ஈயம் முக்கியமாக உள்ளே போவது கை வழியாக இல்லை, தூசியாகவும் புகையாகவும் மூச்சு வழியாக. கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் கையில் என்றால் தப்பு தொழிலாளியுடையது, செலவு ஒரு சோப்புக்கட்டி. காற்றில் என்றால் தப்பு முதலாளியுடையது, தூசியை உறிஞ்சும் விசிறி, குழாய், மூடிய இயந்திரம் எல்லாம் அவர் கணக்கில்தான் வரும். இன்றைக்கும் ‘மாஸ்க் கொடுத்தோம் சார், போடமாட்டேங்கிறாங்க’ என்று சொல்லும் மேனேஜர்களை நான் பார்க்கிறேன், நாற்பது டிகிரி வெயிலில் அதை அவர் ஒரு ஷிப்ட் முழுக்கப் போட்டுப் பார்க்கட்டும்.

எல்லா முதலாளியும் வில்லன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈயப் பொருட்கள் தயாரித்த நேஷனல் லெட் கம்பெனியின் எட்வர்ட் கார்னிஷ் முதலில் இவர் சொன்னதை நம்பவில்லை, ஆதாரம் கொண்டுவந்தால் நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்றார். ஈய நச்சு என்று மருத்துவர்கள் உறுதி செய்த 22 பேரின் விவரத்தோடு இவர் திரும்பிப் போனார். மனிதர் வாக்கைக் காப்பாற்றினார், தூசி புகைக்கு வழி செய்து, டாக்டர்களையும் வேலைக்கு வைத்தார். இல்லினாயில் 1911இல் தொழில்சார் நோய்களுக்கான சட்டமும் வந்தது.

அப்புறம் முதல் உலகப்போர் வந்து வெடிமருந்து ஆலைகள் முளைத்தன. அவை எங்கே இருக்கின்றன என்பது ரகசியம். வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் எழும் நைட்ரிக் புகையையும், தோல் மஞ்சளாகிப்போன ஆட்களையும் அடையாளமாக வைத்துத்தான் கண்டுபிடித்துப் போனார்.

1919இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி இவரை அழைத்தது. அங்கே ஆசிரியரான முதல் பெண் இவர்தான். கூடவே நிபந்தனைகள்: ஆசிரியர் கிளப்புக்குள் வரக்கூடாது, கால்பந்து டிக்கெட் கேட்கக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது. 1935இல் ஓய்வுபெறும் வரை உதவிப் பேராசிரியராகவே வைத்திருந்தார்கள். அவர் துறையில் அவரைவிடத் தெரிந்தவர் அந்த நாட்டில் யார் இருந்தார் என்று ஹார்வர்டைத்தான் கேட்க வேண்டும்.

சரி, பெட்ரோலுக்கு வருகிறேன். இன்ஜின் தட்டாமல் ஓட டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயக் கலவையை பெட்ரோலில் சேர்க்கக் கண்டுபிடித்தார்கள். 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளிகள் புத்தி பேதலித்துக் கத்தினார்கள், ஐந்து பேர் செத்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே, கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டி, ஒரு நிமிஷம் முகர்ந்தும் காட்டினார். முந்தைய வருஷம்தான் அவரே ஈய நச்சுக்காக லீவு போட்டுவிட்டு ஃபுளோரிடா போய் வந்திருந்தார்! 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டில் ஹாமில்டன் எழுந்து எதிர்த்தார். ஆலைக்குள் இருக்கும் ஈயத்தையே கட்டுப்படுத்துவது கஷ்டம், அதைத் தெருவில் விட்டால் எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். அடுத்த வருஷம் குழு ஒன்று, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்றது. இடையில் நிறுத்தி வைத்திருந்த விற்பனை மறுபடி தொடங்கியது.

ஹாமில்டன் 1970 செப்டம்பரில், 101 வயதில் இறந்தார். அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது அதே வருஷம் டிசம்பரில். ஈய பெட்ரோல் இந்தியா முழுக்க நின்றது 2000இல், கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல். இங்கே முப்பது வயது தாண்டியவர்கள் எல்லோருமே பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் அதைச் சுவாசித்தவர்கள்தான்.

கேள்விகளுக்குப் போகலாம். ஈயத்துக்காகப் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை பற்றிக் கேட்க ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள், அவரிடமிருந்தே ஆரம்பிப்போம்.