புல் மேடும் காடுதான்

நேயர்களுக்கு வணக்கம்.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கியிருக்கிறீர்களா? 36 கொண்டை ஊசி வளைவுகள். மேலே கம்பளி போர்த்திக்கொண்டு கிளம்பியவர் கீழே வந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலையின் மறைவில் கிடக்கும் சீகூரிலோ முள்காடு. யானையும் புள்ளிமானும் அங்கே. மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன.

இவற்றையெல்லாம் பார்க்க ஆள் வருகிறார்கள். நான் பேச வந்தது யாரும் வண்டியை நிறுத்தாத புல்வெளியைப் பற்றி.

பள்ளத்தில் சோலை எனும் அடர்ந்த மலைக்காடு, மேட்டில் புல். இதுதான் நம் மலையுச்சியின் இயல்பு. மேட்டில் உறைபனி விழும், காற்று அடிக்கும். சோலைக் கன்றுகள் அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். அந்தப் புல்லை நம்பித்தான் வரையாடு வாழ்கிறது, நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1,031 ஆடுகள்தான். நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்காவில் ஒரு மந்தையைப் பார்த்தேன். மேகம் விலகியதும் பாறை விளிம்பில் ஒரு கிடா நின்றது. அந்தக் குளம்புக்குப் பாறையும், அந்த வயிற்றுக்குப் புல்லும் வேண்டும். மரத்தடியில் அதற்கு என்ன வேலை?

ஆனால் வெள்ளைக்காரர்கள் இந்தப் புல்லைத் தரிசு என்று எண்ணி, விறகுக்காகச் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகும் தோல் பதனிடவும், ரேயான் நூலுக்கான மரக்கூழுக்கும் நட்டோம்.

நானும் நட்டவன்தான். ஆசிரியராக இருந்தபோது மாணவர்களை அழைத்துப்போய்ப் புல் சரிவில் குழி தோண்டினேன். எருமைகளோடு வந்த தோடர் பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "சார், இங்க மரம் வெச்சா எருமை எங்க மேயும்? தண்ணி எங்கேர்ந்து வரும்?" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. முக்குருத்திப் பக்கப் புல் மேடுகளில் ஊறும் நீர்தான் பைக்காராவாகி, மாயாறாகி, பவானியில் சேர்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்தக் கழுகுகளின் நீர்மருதுக்கும் இந்த மேட்டு ஈரம்தான்.

இப்போது ஊருக்குப் பின்னாலுள்ள சரிவில், மழை பெய்து மண் இளகியதும், பிள்ளைகளோடு சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்குகிறோம். விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும். பிடுங்கிய இடத்திலேயே மறு வருஷமும் முளைக்கும். இந்த ஆடியிலும் போவோம்.

வணக்கம்.