பணம் வந்த நாளையும் அளப்போம்

(திருப்பூரில், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அண்ணன் அவர்களே, முன்னிலை வகிக்கும் செயலாளர், பொருளாளர் அவர்களே, மாவட்டத் தொழில் மையத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி ஐயா அவர்களே, வங்கி மேலாளர் அம்மா அவர்களே, மாணவ மாணவியரை வேன் பிடித்து அழைத்து வந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் ஏற்றுமதியாளர் பெரியவர் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் யூனிட்காரச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நான் தொடங்கக் கூடாது. 1998-ல் இரண்டு டேபிளும் நான்கு ஸ்கிரீனும் வைத்துக்கொண்டு நான் துணியில் பிரிண்டிங் ஆரம்பித்தபோது, முதல் ஜாப் ஒர்க் கொடுத்தவர் அவர்தான். 300 பீஸ். பதினோராம் நாள் பணம் வந்தது. அந்தப் பதினொன்று என்ற எண்ணை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதிகாரி ஐயாவும், எங்கள் பக்கத்து வீதியில் பதிவே செய்யாமல் கிடந்த யூனிட்காரர்களை உட்கார வைத்துப் பேசி, உத்யம் என்ற அரசாங்கத்தின் சிறுதொழில் பதிவைப் போட வைத்தவர். அவருக்கும் நன்றி. வங்கி மேலாளர் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், அவர் அதற்குள் கிளம்பிவிடக் கூடாது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, விநியோகச் சங்கிலியின் செயல்திறனை அளப்பதும் ஒப்பிடுவதும். நூலிலிருந்து வாங்குகிறவர் வரை சரக்கு கை மாறிப் போகும் வழிதான் அந்தச் சங்கிலி. எதை அளப்பது, யாரோடு ஒப்பிடுவது, தேங்கி நிற்கும் சரக்கை எப்படிக் கணக்கிடுவது, திரும்பி வரும் சரக்கை என்ன செய்வது என்று நான்காகப் பிரித்துக் குறித்து வந்திருக்கிறேன்.

எங்கள் அம்மா அரிசிப் பானையில் கைவிட்டு அள்ளியதை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் உழக்குத்தான். கேட்டால், "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார். ஆற்றில் போடுவது திரும்பி வராது, அதற்கும் அளவு வேண்டும் என்றால், திரும்பி வர வேண்டியதற்கு எவ்வளவு அளவு வேண்டும்! இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் உழக்குத்தான் ஞாபகம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பனியன், டீ ஷர்ட் என்றால் நம் ஊரில் எத்தனை கை மாறுகிறது? நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். நூலை விட்டுவிட்டாலே ஒன்பது கை. ஒவ்வொருவரும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சொன்ன நாளில் கொடுத்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மார்க்தான். ஆனால் ஒன்பது பேருமே சொன்ன நாளில் கொடுத்த ஆர்டர் எத்தனை இருக்கும்? 95-ஐ 95 சதவீதத்தால் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பாருங்கள், 63-இல் வந்து நிற்கும். நூறு ஆர்டரில் 37-இல் எங்கோ ஒரு கை தாமதம். அந்தத் தாமதத்தை அடுத்தடுத்த கைகள் ராத்திரி முழித்துச் சரிக்கட்டுகின்றன. சரிக்கட்ட முடியாமல் போனால் கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போகிறது, அந்த ஆர்டரின் லாபமும் அதோடு பறந்துவிடுகிறது.

இதை அளப்பதற்கு உலகத்தில் முறை இருக்கிறது. 1996-ல் அமெரிக்காவில் ஒரு கவுன்சில் அமைத்து, ஸ்கோர் என்ற அளவுமுறையை உருவாக்கினார்கள். முதலில் திட்டமிடுவது, வாங்குவது, செய்வது, அனுப்புவது என்று வேலையை நான்காகப் பிரித்தார்கள்; பிறகு திரும்பப் பெறுவதையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வைத்தார்கள். அதில் முக்கியமானது குறையில்லாத ஆர்டர். சொன்ன நாள், சொன்ன எண்ணிக்கை, சேதமில்லாத சரக்கு, சரியான பேப்பர் நான்கும் ஒன்றாக இருந்தால்தான் அது ஒரு ஆர்டர். ஒன்று தவறினாலும் பூஜ்யம். மாணவர்கள் இதை உங்கள் பேராசிரியரிடம் இன்னும் விரிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரோடு ஒப்பிடுவது என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. ஜெராக்ஸ் கம்பெனி நகல் எடுக்கும் மெஷின் செய்கிறவர்கள். 1980-களின் தொடக்கத்தில் தங்கள் கிடங்கில் சரக்கை எடுத்துக் கொடுக்கும் வேகம் போதவில்லை என்று பார்த்தார்கள். இன்னொரு நகல் மெஷின்காரரிடம் போகாமல், எல்.எல். பீன் என்ற கம்பெனியிடம் போனார்கள். அவர்கள் தபால் வழியே பூட்ஸும் சட்டையும் விற்கிறவர்கள். தொழில் வேறு, ஆனால் அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டி அனுப்பும் வேலை ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு நான் சிவகாசிக்குப் போனேன். அங்கே காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் அரை நாள் நின்றேன். ஒரு வேலை மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வேலைக்கான மையை ஒரு பையன் கலந்து, மூடி, மேலே ஒரு சொட்டு தடவிக் காயவைத்து, சாம்பிளோடு பொருத்திப் பார்த்துத் தயாராக வைத்துவிடுகிறான். நாமோ டேபிளை நிறுத்திவிட்டுத்தான் கலர் பேஸ்ட் கலப்போம். திரும்பி வந்து அதையே செய்தேன். ஒரு கலர் மாற்ற 50 நிமிடம் ஆனது 20 நிமிடமாகக் குறைந்தது. புது மெஷின் ஒன்றும் வாங்கவில்லை. ஒரு கடிகாரம்தான் வாங்கி டேபிளுக்கு எதிரே மாட்டினேன்.

இப்போது என் மனதை அரித்த விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய ஏற்றுமதி கம்பெனி, பெயர் வேண்டாம், தங்களுக்கு வேலை செய்யும் யூனிட்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டது. ஏ.சி. ஹால், டீ, முறுக்கு, பெரிய திரை. ஒவ்வொருவரின் மார்க்கையும் திரையில் போட்டார்கள். என் பெயருக்கு நேராகச் சிவப்பு. சொன்ன நாளில் டெலிவரி, 71 சதவீதம். ஹாலில் நாற்பது பேர். என்னோடு ஒரே பேருந்தில் வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பேனல், அதாவது பிரிண்டுக்காக வெட்டி வரும் துணித் துண்டுகள், வந்த நேரம், போன நேரம் இரண்டையும் என் மனைவி ஒரு நீளநோட்டில் எழுதிவிடுவார். டிசி என்கிற டெலிவரி சலான் எண், ஆள் பெயர், மணி. அன்றைக்கு அந்த நோட்டு பையில் இருந்தது. எழுந்து நின்றேன். "ஏனுங் அம்மணி, ஒரு சந்தேகம், எந்த நாளிலிருந்து எண்ணுறீங்க?" என்று கேட்டேன். திரையை இயக்கிக்கொண்டிருந்த, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண், "ஆர்டர் ஷீட்ல இருக்கற தேதிங்கண்ணா" என்றது. நான் நோட்டைத் திறந்தேன். "இந்த ஆர்டருக்கு ஷீட்டில் எனக்குக் கொடுத்த நாள் திங்கள் முதல் வெள்ளி. பேனல் என் வாசலுக்கு வந்தது வியாழன் மதியம் இரண்டரை மணி. ஷேடு சேரவில்லை என்று சாயத்துக்கே திரும்பிப் போய் வந்ததாக வண்டிக்காரர் சொன்னார். 6,000 பீஸ். இரண்டு ராத்திரி க்யூரிங் மெஷினை அணைக்கவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வண்டி உங்கள் கேட்டில் நிற்கிறது. வாட்ச்மேன் ஆபீஸ் பூட்டியாச்சு என்கிறார். டிரைவர் வண்டியிலேயே படுத்துக் கிடந்தார். திங்கட்கிழமை பதினோரு மணிக்குத்தான் சரக்கு உள்ளே வந்ததாக இன்வர்ட் சீல். எனக்குத் தாமதம் மூன்று நாள். அப்படித்தானே அம்மணி?"

ஹாலில் சத்தமே இல்லை. அந்தப் பெண் இறங்கி வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தது. போனில் படம் எடுத்துக்கொண்டது. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "அண்ணா, பேனல் உங்க கைக்கு வந்த நேரத்துல இருந்து, வண்டி எங்க கேட்டுக்கு வந்த நேரம் வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். 94 வருதுங்க" என்றது. அதே நான், அதே டேபிள், அதே ஆட்கள். 71 எங்கே, 94 எங்கே! கடிகாரம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதிலேயே பாதி நியாயம் இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், சரியான உழக்கில் அளந்து போடு என்றுதான் அர்த்தம். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் அன்றைக்கு அதே ஹாலில் இன்னொரு கேள்வியும் கேட்டேன். "என் டெலிவரிக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள், தரத்துக்கு ஒரு கட்டம், வேஸ்டுக்கு ஒரு கட்டம். நீங்கள் எனக்குப் பணம் கொடுத்த நாளுக்கு எந்தக் கட்டம்?" மேனேஜர், "அது அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்" என்றார். அடுத்தவர் பெயர் திரைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நோட்டில் இன்னொரு கோடு போட்டோம். பில் கொடுத்த நாள், பணம் வந்த நாள். அந்த வருடம் சராசரி 97 நாள். முதல் ஜாப் ஒர்க்குக்குப் பதினொன்று, இப்போது தொண்ணூற்றேழு!

இதில் வலிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது, மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதே ஸ்கோர் முறையில், போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பிவருகிறது என்று ஓர் அளவு உண்டு. சரக்கு தேங்கும் நாளையும், வாடிக்கையாளரிடமிருந்து பணம் வர ஆகும் நாளையும் கூட்டி, நாம் மற்றவருக்குப் பணம் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாளைக் கழிப்பார்கள். விடை குறைந்தால் பாராட்டு. அப்படியென்றால், எனக்கு 45 நாளில் கொடுப்பவர் 97 நாளில் கொடுத்தால் அவருடைய மார்க் ஏறுகிறது. அந்த 52 நாளும் என் தலையில் வட்டியாக விழுகிறது. சங்கிலி என்று பெயர் வைத்துவிட்டு, ஒரு கண்ணி தேய்வதை இன்னொரு கண்ணியின் சாதனையாக எழுதுகிறார்கள்.

நாடுகளை அளக்கும் அளவிலும் இதே குறைதான். உலக வங்கியின் சரக்குப் போக்குவரத்துத் தரவரிசையில் இந்தியா 2018-ல் 44-ஆவது இடம், 2023-ல் 139 நாடுகளில் 38-ஆவது இடம். சந்தோஷம். சுங்கம், சாலை துறைமுகம், கப்பல் ஏற்பாடு, சேவைத் திறமை, சரக்கைப் பின்தொடர்வது, நேரத்துக்குச் சேர்வது என்று ஆறு விஷயம் அதில் இருக்கிறது. சரக்கு சேர்ந்த நேரம் இருக்கிறது, பணம் சேர்ந்த நேரம் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டம், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்தில் 2023-ல் கொண்டுவந்த திருத்தம் இன்னும் நேரானது. அந்தக் கெடுவுக்குள் எங்களுக்குக் கொடுக்காத பணத்தை, கொடுக்கிற வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். ஆனால் நம்மில் எத்தனை பேர் வட்டி கேட்டிருக்கிறோம்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ஒருவரும் இல்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

தனியாக ஒருவன் கேட்டால்தான் பயம். இங்கிலாந்தில் 2017 முதல், பெரிய கம்பெனிகள் வருடத்துக்கு இரண்டு தடவை, சராசரியாக எத்தனை நாளில் பணம் கொடுக்கிறோம் என்பதை அரசாங்கத்தின் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை, எண் மட்டும் வெளியே வந்தால் போதும்.

தலைவர் அண்ணன் சீட்டு அனுப்பிவிட்டார். தேங்கும் சரக்கும் திரும்பும் சரக்கும் இன்னொரு நாளைக்கு. வங்கி மேலாளர் அம்மாவுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். ட்ரெட்ஸ் என்ற ஏற்பாட்டில், வாங்கியவர் ஒப்புக்கொண்ட பில்லுக்கு வங்கி முன்கூட்டியே பணம் தருகிறது, கெடு வந்ததும் வாங்கியவரிடம் வசூலித்துக்கொள்கிறது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அதன் பெயரே தெரியாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை உங்கள் ஆள் ஒருவரை எங்கள் சங்க அலுவலகத்தில் உட்கார வையுங்கள்.

பெரியவர் அவர்களே, உங்களிடமும் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் கம்பெனி எங்களுக்குப் போடும் மார்க் அட்டையில் கடைசியாக ஒரு கட்டம் சேருங்கள். பில் வந்த நாள், பணம் போன நாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற ஊர் இது. நீங்கள் தொடங்கினால் மற்றவர்கள் கேட்பார்கள்.

யூனிட்காரச் சொந்தங்களே, கதவருகே தம்பிகள் ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். அதில் கம்பெனி பெயர் எழுத வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம். பில் தேதி, பணம் வந்த தேதி, என்ன வேலை, அவ்வளவுதான். இந்த வருடத்து பில்லை எல்லாம் எடுத்து எழுதுங்கள். நூறு யூனிட் கொடுத்தால் நிட்டிங்குக்கு எத்தனை நாள், பிரிண்டிங்குக்கு எத்தனை நாள், தையலுக்கு எத்தனை நாள் என்று நம் ஊருக்கென்று ஓர் அளவு கிடைத்துவிடும். வரும் சனிக்கிழமைக்குள் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள், கூட்டிப் போடுவதற்கு என் மனைவியும் இரண்டு மாணவிகளும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.