செராமிக் கோட்டிங் போட்ட காரைக் கழுவியபின் துடைக்கலாமா, அப்படியே காயவிடலாமா?

சரி, அடுத்த கேள்வி. மடிப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, கறுப்பு காருக்கு செராமிக் கோட்டிங் போட்டு மூன்று மாதம் ஆகிறது. துணி வைத்துத் துடைத்தால் கோட்டிங் போய்விடும் என்று சொல்கிறார்கள். துடைக்காமல் விட்டால் பானெட் முழுக்க வெள்ளைப் புள்ளி விழுகிறது. நான் என்ன செய்வது?"

செராமிக் கோட்டிங் என்பது பெயின்ட்டைக் காக்க அதன் மேல் பூசுகிற மெல்லிய படலம். தம்பி, துடைக்கத்தான் வேண்டும். நல்ல துணியால் மெதுவாகத் துடைத்தால் கோட்டிங் எங்கேயும் போகாது. தானாகக் காயட்டும் என்று விடுவதில்தான் ஆபத்து.

கோட்டிங் மேல் தண்ணீர் தாமரை இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நிற்கும். கதவுப் பக்கம் இருப்பது உருண்டு ஓடிவிடும். பானெட், ரூஃப், டிக்கி மேலே இருப்பது நின்றுவிடும். அந்த ஒரு சொட்டை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். வெயில் ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே வரும். போவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்த கால்சியம், மெக்னீசியம் உப்பெல்லாம் அங்கேயே தங்கி, வெள்ளையாக ஒரு வளையம் போட்டுவிடும். வீட்டில் பாத்ரூம் குழாயிலும் பக்கெட்டிலும் படிகிறதே, அதே உப்புதான். சூடான பெயின்ட் மேல் திரும்பத் திரும்பக் காய்ந்தால் கோட்டிங்கிலேயே தடம் பதிந்துவிடும். அப்புறம் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் கோட்டிங்கும் சேர்ந்தே போய்விடும்.

நம் சென்னையில் நிறைய வீடுகளில் போர் தண்ணீர்தான், அதுவும் கடலோரம் போகப் போக உப்பு கூடுதல். அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே வருகிற வேஸ்ட் தண்ணீரைப் பிடித்து வைத்து அதில் கார் கழுவுகிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் ரொம்ப நல்லது, 2019-ல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்த வேஸ்ட் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை வாசல் தெளிக்க, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு வேண்டாம். கார் கழுவ மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் நல்லது. போர் தண்ணீர்தான் என்றால், கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓவில் பிடித்த நல்ல தண்ணீரைச் செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரேயரில் நிரப்பி, ரூஃபிலும் பானெட்டிலும் அடித்துவிடுங்கள். நாலைந்து லிட்டர் போதும். புள்ளி நன்றாகக் குறைந்துவிடும்.

ஹோஸ் பைப்பில் அலசுகிறீர்கள் என்றால் முனையில் இருக்கிற ஸ்பிரே கன்னைக் கழற்றிவிட்டு, ரூஃபிலிருந்து தண்ணீரை மெதுவாக வழியவிடுங்கள். ஒரே படலமாக இறங்கும்போது நிற்கிற சொட்டுகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு துடைக்க மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.

இப்போது துணிக்கு வருகிறேன். பனியன் வேஸ்ட், பழைய பனியன், மஞ்சள் துணி, எதுவும் வேண்டாம். தோல் மாதிரி இருக்கிற ஷாமி துணியும் வேண்டாம். அதில் இழை கிடையாது, வழவழவென்று தட்டையாக இருக்கும். ஒரு மணல் துகள் அகப்பட்டால் உள்ளே போக இடமில்லாமல் பெயின்ட் மேலேயே கோடு போட்டுக்கொண்டு வரும். தடிமனான பெரிய மைக்ரோஃபைபர் டவல் ஒன்று வாங்குங்கள், ஓரத்தில் தைத்திருக்கிற லேபிளை வெட்டிவிடுங்கள். டவலைப் பானெட் மேல் போர்வை மாதிரி விரியுங்கள், இரண்டு முனையைப் பிடித்து உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். அவ்வளவுதான். அழுத்தவோ வட்டமாகத் தேய்க்கவோ வேண்டாம். கோட்டிங் 9ஹெச் என்று சொல்லி விற்பார்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனையின் அளவு. மணல் கீறாது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பிளோயர் இருந்தால் சைடு மிரர், கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் இடுக்கில் ஒருமுறை ஊதிவிடுங்கள். துடைத்து முடித்த பிறகு ஒழுகிக் கோடு போடுவது அங்கிருந்துதான். பிறகு தெருவில் ஒரு சுற்று ஓட்டி நாலு தடவை பிரேக் பிடியுங்கள், டிஸ்க்கில் இருக்கிற ஈரம் போய்விடும்.

நேரமும் முக்கியம். காலையில் வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள், இல்லையென்றால் சாயங்காலம். புறங்கையைப் பானெட் மேல் வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் பொறுங்கள். அப்படியும் புதிதாகப் புள்ளி விழுந்துவிட்டால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில் துணியால் ஒற்றி, அரை நிமிடம் விட்டு நன்றாக அலசிவிடுங்கள். போகவில்லையா, தேய்க்காமல் கோட்டிங் போட்டவரிடமே காட்டுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அபார்ட்மென்ட்டில் இருக்கிறீர்கள் என்றால், விடியற்காலையில் ஒரே பக்கெட், ஒரே துணியோடு பத்துக் கார் துடைக்கிற அண்ணன் ஒருவர் வருவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுத்திருப்பது அவ்வளவுதான். முன் கார் சேறு அந்தத் துணியில் உங்கள் காருக்கு வரும். உங்கள் காருக்கென்று இரண்டு டவல் கொடுத்து, "அண்ணா, தூசியைக் காய்ந்த துணியால் தட்டாதீங்க" என்று சொல்லுங்கள். அந்த டவலை வாரம் ஒருமுறை வாங்கி, மற்றத் துணியோடு சேர்க்காமல், கம்ஃபர்ட் ஊற்றாமல் துவைத்துக் கொடுங்கள். தரையில் விழுந்த டவலை அன்றைக்குக் காரில் வைக்கவே வேண்டாம்.