ஓட்டோ யாருடையது?

அஸ்ஸலாமு அலைக்கும், நேயர்களே.

இலங்கையில் 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, வட்டி இல்லாத இஸ்லாமிய வங்கிமுறைக்கு வழி விட்டார்கள். அதுபற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள். நான் ஒரு ஓட்டோவில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் சகோதரியின் மகன் வட்டிக்கு எடுக்கமாட்டேன் என்று முறாபஹா முறையில் ஓட்டோ வாங்கப் போனான். முறாபஹா என்றால், நிறுவனம் பொருளை வாங்கி, "எனக்கு விழுந்த விலை இவ்வளவு, என் இலாபம் இவ்வளவு" என்று வாய்விட்டுச் சொல்லி உங்களுக்குத் தவணையில் விற்பது. இவன் போன இடத்தில் கையெழுத்தெல்லாம் ஒரே மேசையில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டான்: "மாமா, கடையில் ஓட்டோவைப் பேசி முடித்து என் பெயருக்கு ரசீது எடுத்ததே நான்தானே? என்னுடைய ஓட்டோவை எனக்கே விற்றார்களா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் வருடக்கணக்காகப் பாடம் நடத்துவதை இவன் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டான்! கையில் இல்லாததை விற்காதே என்பது நபித்தோழர் ஹக்கீம் இப்னு ஹிஸாம் அறிவிக்கும் ஹதீஸ், அதாவது நபிமொழி. நிறுவனத்தின் வக்கீலாக, அதாவது அவர்களுக்குப் பதிலாக, நீங்களே போய் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பொருள் முதலில் அவர்களுடையதாக வேண்டும். கடைவாசலில் ஓட்டோ தீப்பிடித்தால் நட்டம் யாருக்கு? "அல்கராஜு பில்ழமான்", நட்டத்துக்குப் பொறுப்பானவனுக்கே பலன். துருக்கியின் உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சிவில் சட்டத்தில் இது 85ஆவது பிரிவு. ஒரு நிமிடம்கூட நட்டத்தைச் சுமக்காதவர் எடுக்கும் இலாபத்துக்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

"தவணை ஒன்றுதானே ஹஸரத், கடதாசி எந்த ஒழுங்கில் இருந்தால் என்ன?" என்பார்கள். சரி, பேரீச்சம்பழத்துக்கு வருவோம். நபித்தோழர் பிலால் (ரலி) பர்னீ என்ற நல்ல ரகப் பழம் கொண்டுவந்தார். மட்டமான பழத்தில் இரண்டு ஸாஉ (அது ஒரு முகத்தல் அளவு) கொடுத்து ஒரு ஸாஉ வாங்கினாராம். இது அசல் ரிபா, அதாவது வட்டி என்றார்கள் நபிகளார் (ஸல்). மட்டமானதை விற்றுவிட்டு, அந்தக் காசுக்கு நல்லதை வாங்கச் சொன்னார்கள். கடைசியில் கைக்கு வருவது அதே பழம்தானே? அதே பழம்தான். ஆனால் நடுவில் காசு உங்கள் கையில் இருக்கிறது. சந்தை விலை தெரிகிறது, வேறு கடைக்கும் போகலாம். அந்த இரண்டு வியாபாரமும் உண்மையிலேயே நடக்கவேண்டும். கடதாசியில் மட்டும் நடந்தால் போதாது. ஓட்டோவுக்கும் அதுதான்.

நேரம் முடிகிறதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். 2004இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு முறாபஹா வழக்கு வந்தது. வாங்கியவர்கள் பங்களாதேஷ் நிறுவனங்கள், கொடுத்தது பஹ்ரைன் வங்கி. ஒப்பந்தத்தில் ஷரீஆ என்ற இஸ்லாமியச் சட்டமும் இருந்தது, ஆங்கிலச் சட்டமும் இருந்தது. இது ஷரீஆப்படி இல்லை, கட்டமாட்டோம் என்றார்கள் வாங்கியவர்கள். ஒரு ஒப்பந்தத்தை இரண்டு சட்டம் ஆளமுடியாது, ஆங்கிலச் சட்டம்தான் என்றது நீதிமன்றம். வாங்கியவர்கள் பணத்தைக் கட்டத்தான் வேண்டியிருந்தது. ஆகவே கையெழுத்துப் போடுமுன், எந்தச் சட்டம் ஆளும் என்ற பிரிவையும் வாசியுங்கள்.

மருமகனா? மறுநாளே போய் ரசீதை ரத்துச் செய்து, நிறுவனத்தின் பெயருக்கு எடுப்பித்து, அப்புறம்தான் மறுபடி கையெழுத்துப் போட்டான். ஓட்டோ இரண்டு நாள் பிந்தி வந்தது. வஸ்ஸலாம்.