வீகனாக இருப்பவர் வீட்டுக் கரப்பானைக் கொல்லலாமா?

வணக்கம். நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் அப்படியே படித்துவிடுகிறேன். "நான் இரண்டு ஆண்டுகளாக வீகனாக இருக்கிறேன். தேனைத் தொடுவதில்லை, பட்டு உடுத்துவதில்லை. சமையலறையில் கரப்பான் பெருகிவிட்டதால் போன வாரம் மருந்து அடித்தேன். அதைப் பார்த்த என் தங்கை, 'தேனீக்கு ஒரு நியாயம், கரப்பானுக்கு ஒரு நியாயமா?' என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீகன் அறம் வீட்டுப் பூச்சிகளுக்கும் பொருந்துமா, பொருந்தாதா?"

பொருந்தும் என்பதுதான் என் பதில். ஆனால் பொருந்தும் என்று சொல்வதும், எந்த நிலையிலும் கொல்லவே கூடாது என்று சொல்வதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் சிலர் பூச்சியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, வேறு சிலர் ஒரு கொசுவை அடித்துவிட்டு நாள் முழுக்கக் குற்ற உணர்வில் தவிக்கிறார்கள்.

'வீகன்' என்ற சொல் 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடன் இருந்த சிலரும் வீகன் சொசைட்டியைத் தொடங்கியபோது பிறந்தது. உணவு, உடை, வேறு எந்த நோக்கமாக இருந்தாலும், விலங்குகளைச் சுரண்டுவதையும் அவற்றுக்குக் கொடுமை இழைப்பதையும், இயன்றவரை, நடைமுறையில் முடிந்தவரை விலக்கி வாழும் முறை என்பதே அந்தச் சங்கம் இன்று தரும் வரையறையின் சாரம். இதில் சுரண்டல், கொடுமை என்னும் இரு சொற்களையும், 'இயன்றவரை' என்ற சொல்லையும் நான் அழுத்தியே சொல்கிறேன். ஓர் உயிரும் நம்மால் சாகாத வாழ்க்கையை இந்த வரையறை நம்மிடம் கேட்கவில்லை. அப்படி ஒரு வாழ்க்கை யாருக்கும் வாய்ப்பதும் இல்லை, ஏனென்றால் நாம் உண்ணும் தானியமும் காய்கறியும் விளைகிற நிலத்திலேயே எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன.

இப்போது உங்கள் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி. அதை ஏளனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேனீ நம்மைத் தேடி வரவில்லை. தன் கூட்டத்துக்காக அது சேர்த்து வைத்ததை நாம்தான் தேடிப் போய் எடுக்கிறோம். பட்டுப்புழுவும் அப்படித்தான். நூல் அறுபடாமல் நீளமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக, கூட்டைக் கிழித்துக்கொண்டு அது வெளியே வருவதற்கு முன்பே, உள்ளே இருக்கும்போதே அதை வெந்நீரிலோ ஆவியிலோ சாகடிக்கிறார்கள். அந்த உயிரால் நமக்கு எந்தத் தீங்கும் இல்லை, அந்தப் பொருள் இல்லாமலும் நம்மால் வாழ முடியும். கரப்பானின் நிலை வேறு. அது நம் உணவின் மேல் நடக்கிறது, சாக்கடையிலிருந்து கிருமிகளைக் காலில் சுமந்து வருகிறது, அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டிவிடுகின்றன. ஒன்றில் நாம் சுரண்டுகிறோம், மற்றொன்றில் இரண்டு உயிர்கள் ஒரே இடத்துக்காக மோதுகின்றன. ஆகவே தேனீக்கும் கரப்பானுக்கும் நியாயம் ஒன்றேதான், தேவையின்றித் துன்புறுத்தாதே என்பதே அது. அந்தத் தேவை ஓரிடத்தில் இல்லை, இன்னோரிடத்தில் இருக்கலாம்.

'இருக்கலாம்' என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். "அது என் வீட்டுக்குள் வந்தது, அதனால் கொன்றேன்" என்பதை நான் ஒரு வாதமாகவே ஏற்பதில்லை. வீடு, வாசல், எல்லை என்பதெல்லாம் பூச்சிக்குத் தெரியாது. ஈரமும் இருட்டும் சிந்திய உணவும் இருக்கிற இடம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதை அங்கே அழைத்தது பெரும்பாலும் நாம்தான்.

பூச்சிக்கு வலிக்குமா என்பதைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. வலிக்காது என்று சொல்பவர்களிடம் வலுவான சான்றுகளே உண்டு. கால் நசுங்கிய பூச்சி நொண்டாமல் அதே காலை ஊன்றி நடக்கும். கும்பிடுபூச்சி தன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே வெட்டுக்கிளி ஒன்று இலையைத் தின்றுகொண்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் மறுபக்கமும் வளர்ந்துவருகிறது. 2022-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், எந்தப் பரிசும் கிடைக்காதபோதும் பம்பிள் தேனீக்கள் சிறு மரப் பந்துகளைத் திரும்பத் திரும்ப வந்து உருட்டின. அதே ஆண்டு இன்னொரு சோதனையில், சுடுகிற இடத்தில் வைத்த சர்க்கரை நீரை அவை தவிர்த்தன. அங்கே இனிப்பு கூடுதலாக இருந்தால் சூட்டைப் பொறுத்துக்கொண்டு குடித்தன. இதைச் சாவி கொடுத்தால் இயங்கும் பொம்மையின் அனிச்சைச் செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை அந்தச் சிறு மூளை எடைபோடுகிறது. தேனீயின் மூளையில் ஏறத்தாழ 10 லட்சம் நரம்பணுக்கள் உள்ளன. 2024 ஏப்ரலில் அறிஞர்கள் பலர் கையெழுத்திட்டு வெளியிட்ட நியூயார்க் பிரகடனம், பூச்சிகளுக்கும் உணர்வனுபவம் இருப்பதற்கான வாய்ப்பை மெய்யானதாகவே கருத வேண்டும் என்று சொல்கிறது. முடிந்த முடிவு இன்னும் வரவில்லை. எனினும், ஐயம் இருக்கிறபோது அந்த ஐயத்தின் பலனைப் பூச்சிக்குத் தருவதே சரி என்று நான் நினைக்கிறேன். அதற்கு நாம் கொடுக்கும் விலை ஒரு தம்ளரும் ஒரு அட்டையும்தான் என்றால், தராமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்? சுவரில் இருக்கும் சிலந்தியின் மேல் தம்ளரைக் கவிழ்த்து, அதன் கால் நசுங்காதபடி அட்டையை மெல்ல உள்ளே செருகி, வெளியே கொண்டுபோய் விடுவதற்கு அரை நிமிடம் போதும்.

கொசுவைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைக்கால மதிப்பீடுகளின்படி மலேரியாவால் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் பேர் இறக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். கடிக்க வரும் கொசுவை அடிப்பது தற்காப்பு. அங்கேயும் முதலில் செய்ய வேண்டியது, தண்ணீர்ப் பாத்திரங்களை மூடி வைப்பதும் வலை கட்டுவதும்தான். முட்டையே இடமுடியாத இடத்தில் எதையும் கொல்ல வேண்டி வராது.

நீங்கள் கேட்டது கரப்பானைப் பற்றி என்பதால், மருந்து பட்ட கரப்பானை ஒரு முறையாவது நின்று பார்த்திருக்கிறீர்களா என்று கேட்க விரும்புகிறேன். அது ஓடும், பிறகு ஓட்டம் கோணலாகும், பிறகு மல்லாந்து விழும். ஆறு கால்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் காற்றை உதைக்கும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது ஒரு கால் மட்டும் மறுபடி அசையும். ஸ்பிரே டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. அது நரம்புகளில் சோடியம் நுழைகிற வாயில்களை மூடவிடாமல் செய்வதால், நரம்புகள் ஓயாமல் துடித்துத் துடித்தே அந்த உயிர் அடங்குகிறது. ஒட்டுப் பசை அட்டை இதைவிடக் கொடியது. பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதை ஒருமுறை வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது, ஒரு கரப்பான் தன் கால்களில் இரண்டைப் பசையிலேயே விட்டுவிட்டு ஒரு விரற்கடை தூரம் நகர்ந்து, மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மீசைகள் அப்போதும் அசைந்துகொண்டிருந்தன. அதன் பிறகு அந்த அட்டையை நான் வாங்கவில்லை. கேட்கக் கரடுமுரடாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன்: கொன்றுதான் ஆக வேண்டும் என்றால், செருப்பால் ஒரே அடியாக அடிப்பது இவை இரண்டையும்விடக் கருணையானது. நம் கண்ணுக்கு அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக, அதன் சாவை நீளமானதாக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது நியாயமில்லை.

பெருகிப்போன வீட்டில் ஒவ்வொன்றாக அடித்து மாளாது என்பதை நான் மறுக்கவில்லை. சமையலறைகளில் அதிகம் காணப்படும் சிறிய வகைக் கரப்பானின் ஒரே முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். அந்த நிலையில் மருந்துதான் வழி. அப்படிச் செய்யும்போது அரைகுறையாகச் செய்யாதீர்கள். எஞ்சியவை மீண்டும் பெருகினால் அதே கொலையை அதிக எண்ணிக்கையில் மறுபடி செய்ய வேண்டி வரும். இரக்கப்பட்டுத் தள்ளிப்போடுவது பல வீடுகளில் இப்படித்தான் முடிகிறது. இரண்டு கரப்பான் கண்ணில் பட்ட நாளிலேயே விரிசலை அடைத்திருந்தால் இருநூறைக் கொல்ல வேண்டி வந்திருக்காது.

எறும்புக்கு இவ்வளவும் தேவையில்லை. அது தரையில் வைத்துப்போகும் வாசனைத் தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, சிந்திய இனிப்பையும் எடுத்துவிட்டால் வரிசை கலைந்துவிடும்.

பேனும் மூட்டைப்பூச்சியும் வேறு வகை. "பேனைக் கொல்லவில்லை, எடுத்து வெளியே விட்டுவிட்டேன்" என்று ஒருவர் என்னிடம் பெருமையோடு சொன்னார். மனிதத் தலையைத் தவிர வேறு எங்கும் தலைப்பேனால் வாழ முடியாது. இரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாளில் அது பட்டினியாக இறந்துபோகும். அங்கே விடுவித்தல் என்று ஒன்று இல்லை, சாவை நம் பார்வைக்கு அப்பால் தள்ளிவைத்தல்தான் இருக்கிறது. அதைவிட விரைவாக நசுக்கிவிடுவது நேர்மையானது. மூட்டைப்பூச்சியும் இரத்தத்தை மட்டுமே குடித்து வாழ்வது என்பதால், வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தால் போய்விடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

மருந்து அடித்ததால் நீங்கள் வீகன் அல்லாதவர் ஆகிவிடவில்லை. ஆனால் மருந்துக்கு முன் செய்யக்கூடிய வேலை மீதம் இருந்ததா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கரப்பான் உணவில்லாமல் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம் தாங்குவதே அரிது. ஆகவே முதலில் சொட்டும் குழாயைச் சரிசெய்யுங்கள். இரவு படுக்கப் போகும் முன் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துணியால் ஈரம் இல்லாமல் துடைத்து, வடிகால் துளையை மூடி, ஈரமான ஸ்பாஞ்சைப் பிழிந்து ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடிவையுங்கள். குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் இருக்கும் இடைவெளியைச் சிமெண்ட் பூசி அடைத்துவிடுங்கள். உங்கள் தங்கை அதே வீட்டில் இருந்தால், அந்த வேலையில் பாதியை அவரிடம் கொடுங்கள்.