கொர்டிட்சாவிலிருந்து ராஸ்தர்ன் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

1923 ஜூன் 22-ம் தேதி, இன்றைய உக்ரைனில் நீப்பர் ஆற்றங்கரையில் இருக்கும் கொர்டிட்சாவிலிருந்து 738 மெனோனைட்டுகள் சரக்கு ரயிலில் கிளம்பினார்கள். போக வேண்டிய இடம் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்து ராஸ்தர்ன். ஆயுதம் எடுக்க மாட்டோம் என்ற கொள்கையுள்ள கிறிஸ்தவர்கள் இவர்கள். 1789-ல் பிரஷ்யாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசுகள். ரஷ்ய உள்நாட்டுப் போரும் 1921-22 பஞ்சமும் அவர்களைக் கிளப்பிவிட்டன. 1919-ல் மெனோனைட்டுகளுக்குக் கதவைச் சாத்திய கனடா, 1922-ல்தான் மறுபடி திறந்தது.

பயண ஏற்பாட்டில் முதல் வேலை அடுப்பங்கரையில். ஸ்விபாக் என்று ஒரு பன். பெரிய உருண்டையின் தலையில் சின்ன உருண்டை வைத்துச் சுடுவது. சுட்ட பன்னை மறுபடி இளஞ்சூட்டில் வைத்து, கடித்தால் நொறுங்கும்வரை உலர்த்தி, மூட்டை மூட்டையாகக் கட்டினார்கள். உள்ளே துளி ஈரம் நின்றாலும் மூட்டையோடு பூஞ்சை பிடிக்கும். சரியாக உலர்ந்தது மாதக்கணக்கில் தாங்கும், டீயில் நனைத்தால் மெதுவாகிவிடும்.

சரக்குப் பெட்டியில் இருக்கை ஏது? பலகை அடித்துப் படுக்கத் தட்டுகள் போட்டார்கள். கழிப்பறையும் கிடையாது, வண்டி நின்றால்தான் உண்டு. எப்போது நிற்கும், எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. ரஷ்ய நிலையங்களில் இலவசமாகக் கொதிநீர் பிடிக்கக் குழாய் இருக்கும். கெட்டிலோடு இறங்கி ஓடுகிறவருக்கு ஒரு காது எஞ்சின் மேலேயே இருக்க வேண்டும்.

லாத்வியா எல்லையைக் கடந்ததும் ரெசெக்னேயில் கிருமிநீக்கம். ஆட்களுக்குக் குளியல், துணிகளுக்குச் சூடான நீராவி. டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடையில் ஒட்டும் பேன் என்பதால் இதில் யாருக்கும் விலக்கில்லை. தோல் பொருளைத் தெரியாமல் நீராவிக்குள் போட்டால் சுருங்கி வீணாகும்.

ஆனால் இந்தப் பயணத்தில் குடும்பங்களைப் பிரித்தது பேனும் இல்லை, பசியும் இல்லை. கண். மருத்துவர் மேல் இமையைப் புரட்டிப் பார்ப்பார். உட்புறம் மணல் தூவியதுபோல் சிறு பருக்கள் தெரிந்தால் ட்ரக்கோமா. கனடாவுக்குள் அனுமதியில்லை. ஒரே துண்டில் முகம் துடைத்தாலே தொற்றிவிடும் நோய். நெருக்கியடித்த பெட்டியில் எப்படித் தப்புவது? அன்றைய சிகிச்சை மயில்துத்தக் குச்சியால் இமையின் உட்புறத்தைத் தேய்ப்பது. எரிச்சல் தாங்காது, மாதக்கணக்கில் இழுக்கும். நோய் கண்டவர்களை ஜெர்மனியின் லெஹ்ஃபெல்டிலும், பிற்பாடு இங்கிலாந்தின் அட்லாண்டிக் பார்க்கிலும் இருந்த முகாம்களில் நிறுத்திவைத்தார்கள். அம்மா ஒரு நாட்டில், பிள்ளைகள் இன்னொரு நாட்டில் என்று ஆன வீடுகள் உண்டு. பயணிகள் பட்டியலில் மூதாதையர் ஒருவர் மட்டும் பிந்தி வந்ததாக இருந்தால், முதலில் இந்த முகாம்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தேறியவர்கள் லாத்வியாவின் லிபா துறைமுகத்தில் கப்பலேறி, சவுதாம்ப்டன் வழியாகக் கியூபெக்கில் இறங்கினார்கள். மேற்கே போகக் கனடியன் பசிபிக் ரயில்வேயின் குடியேறிகள் பெட்டி: எதிரெதிர் மர இருக்கைகளை இழுத்துச் சேர்த்தால் கீழ்ப்படுக்கை, மேலே மடக்கிய பலகையை இறக்கினால் மேல்படுக்கை, ஒரு கோடியில் சமைக்க அடுப்பு. மெத்தை, போர்வை அவரவர் பாடு. சரக்குப் பெட்டியிலிருந்து வந்தவர்களுக்கு இதுவே மாளிகை.

ஜூலை 21-ம் தேதி ராஸ்தர்ன் வந்து சேர்ந்தார்கள். பயணச் செலவு அந்த ரயில்வே கொடுத்த கடன். 1930 வரை ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள், பெரும்பாலோர் இப்படிக் கடனில். மொத்தக் கடனும் வட்டியும் தீர்ந்தது 1946-ல்.