அரை டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு வாரம் ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் மருந்து செமாகுளூடைடு. அதையே தினமும் விழுங்கும் மாத்திரையாகவும் செய்திருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரையோடு வரும் தாளில் ஒரு விதி இருக்கும்: காலையில் வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேற்படாத வெறும் தண்ணீரில், உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரத்துக்குச் சாப்பாடு, காபி, வேறு மாத்திரை எதுவும் கூடாது.

"சாப்பாட்டுக்கு முன் ஒன்று" என்று எல்லா மாத்திரைக்கும் சொல்வதுதானே என்று பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த மாத்திரையைப் பொறுத்தவரை அந்தத் தண்ணீரும் அந்த அரை மணி நேரமும் மருந்தின் பாகங்கள். அவை தவறினால் மாத்திரை உள்ளே போயும் போகாத கணக்குத்தான்.

காரணத்தைப் பார்ப்போம். செமாகுளூடைடு ஒரு பெப்டைடு, அதாவது 31 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இரைப்பைக்கு அதுவும் ஒரு புரதத் துண்டுதான். பெப்சின் நொதி அதை வெட்டிவிடும். வெட்டுக்குத் தப்பினாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. நாம் வழக்கமாக விழுங்கும் மருந்துகளின் மூலக்கூறு எடை பெரும்பாலும் 500-க்குள் இருக்கும். இதற்கோ 4,100-க்கும் மேல். இவ்வளவு பெரிய மூலக்கூறு செல் சவ்வைத் தானாகத் தாண்டாது. 1922-இல் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்திய இன்சுலின் இன்றுவரை மாத்திரையாக வராததற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு விடை எஸ்நாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சால்காப்ரோசேட் சோடியம். ஒரு மாத்திரையில் இது 300 மில்லிகிராம் இருக்கிறது. மருந்து 14 மில்லிகிராம் என்றால், அதைச் சுமந்து போகும் துணைப்பொருள் அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். மாத்திரை இரைப்பைச் சுவரில் போய் உட்கார்ந்ததும், சோப்புக் கட்டி தேய்வதுபோல் மேற்பரப்பிலிருந்து மெல்லக் கரைகிறது. கரையும் இடத்தைச் சுற்றி மட்டும் எஸ்நாக் அமிலத்தைத் தணிக்கிறது. அமிலம் தணிந்தால் பெப்சினின் வேகமும் தணியும். கூடவே எஸ்நாக் அந்த இடத்துச் செல் சவ்வைச் சற்று இளக்குகிறது. அந்த வழியாக மருந்து செல்லுக்குள் புகுந்து இரத்தத்தை அடைகிறது. எஸ்நாக் கரைந்து பரவியதும் சவ்வு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

வாய்வழி மருந்துகள் பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படும். இது இரைப்பையிலேயே உறிஞ்சப்படுகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. நாய்களில் இரைப்பை குடலோடு சேரும் வாயைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் மருந்து இரத்தத்தில் ஏறியது. எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது அதன் எளிமைதான். ஒரு முடிச்சு, கேள்விக்கு நேரான பதில்.

இப்போது அந்த விதிக்கு வருவோம். வேலை நடப்பது மாத்திரை ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில். அங்கே எஸ்நாக்கும் மருந்தும் ஒரே நேரத்தில், அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்தால் இரண்டுமே நீர்த்துப்போகும். தன்னார்வலர்களிடம் 50 மில்லி தண்ணீரையும் 240 மில்லி தண்ணீரையும் ஒப்பிட்டார்கள். குறைந்த தண்ணீரில் மாத்திரை மெதுவாகக் கரைந்தது, இரத்தத்தில் மருந்து கூடுதலாக ஏறியது. சாப்பிட்ட வயிற்றில் போட்டுப் பார்த்த ஆய்வில் பலருடைய இரத்தத்தில் மருந்தை அளக்கவே முடியவில்லை. உணவு இடையில் புகுந்து மாத்திரையைச் சுவரில் ஒட்டவிடுவதில்லை. இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. இரவு முழுக்கக் காலியாக இருந்த வயிற்றில் ஏறும் அளவுக்கு அப்போது ஏறுவதில்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்தாலும் பொடித்தாலும் மேற்சொன்ன அடர்த்தி கலைந்துவிடும்.

இதே காரணத்தால் 14 மில்லிகிராமுக்குப் பதிலாக இரண்டு 7 மில்லிகிராம் மாத்திரை போடுவதும் சரியல்ல. மருந்தின் கணக்கு பொருந்தும், எஸ்நாக் 600 ஆகிவிடும். இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 3, 7, 14 என்ற பழைய அளவுகளுக்கு ஈடாக 1.5, 4, 9 மில்லிகிராம் என்ற புதிய வடிவம் வந்திருக்கிறது. அதில் மருந்து குறைவு, உறிஞ்சப்படுவது அதிகம், பலன் ஒன்றே. 9 என்பது 14-ஐவிடச் சின்ன எண்ணாயிற்றே என்று கூடுதலாக ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள். இரண்டு வடிவங்களையும் ஒரே சமயத்தில் கலக்கவும் கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் உள்ளே சேர்வது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். தினம் 14 மில்லிகிராம் மாத்திரை என்றால் வாரத்துக்கு 98 மில்லிகிராம். அதிலிருந்து ஊசிக்கு மாறுபவருக்கு வாரம் 0.5 மில்லிகிராம் போதும். ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு!

இவ்வளவு வீணாகியும் இது வேலை செய்வதன் ரகசியம் மருந்தின் ஆயுளில் இருக்கிறது. நம் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செய்ததுதான் செமாகுளூடைடு. அந்த இயற்கை ஹார்மோன் இரத்தத்தில் இரண்டொரு நிமிடத்தில் பாதியாகிவிடும். செமாகுளூடைடு பாதியாக ஒரு வாரம் ஆகிறது. நொதி வெட்டும் இடத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, 18 கார்பன் கொண்ட கொழுப்பமிலச் சங்கிலி ஒன்றைப் பக்கத்தில் கோத்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலி இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. அதனால் இன்று கொஞ்சம் குறைவாக, நாளை கொஞ்சம் கூடுதலாக ஏறினாலும் ஒரு மாதத்தில் அளவு சமநிலைக்கு வந்துவிடும். ஒருநாள் மறந்துபோனால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல் போட்டால் போதும். மறந்ததையும் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம்.

பழைய வடிவத்தில் முதல் 30 நாள் தரும் 3 மில்லிகிராம் சர்க்கரையைக் குறைக்க அல்ல, குமட்டல் இல்லாமல் வயிறு பழகுவதற்கு. முதல் மாதமே மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்துபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தைராய்டுக்கு லீவோதைராக்சின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதுவும் வெறும் வயிற்று மருந்து, இதோடு சேர்த்துப் போடக் கூடாது. செமாகுளூடைடு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் தைராக்சின் உறிஞ்சப்படுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாகப் பதிவாகியிருக்கிறது. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ கூட எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இந்த விதிகளே இல்லாத மாத்திரை வராதா? ஆர்ஃபோர்கிளிப்ரான் அந்தத் திசையில் வந்தது. பெப்டைடே அல்ல, செல்லில் செமாகுளூடைடு தூண்டும் அதே ஏற்பியைத் தூண்டும் சிறு மூலக்கூறு. ஆய்வுகளில் உணவுக்கும் தண்ணீருக்கும் கட்டுப்பாடு இல்லாமலே கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்ததைக் காட்டும் 40 வார ஆய்வின் முடிவு 2025-இல் வெளியானது. ஆனால் சிறு மூலக்கூறு என்றாலே பாதை சுலபம் என்று நினைக்க வேண்டாம். அதே வகையைச் சேர்ந்த டானுகிளிப்ரானின் உருவாக்கம், ஆய்வில் ஒருவருக்குக் கல்லீரல் பாதிப்பு தெரிந்த பிறகு, 2025 ஏப்ரலில் கைவிடப்பட்டது.

அப்படியானால் இன்சுலினையும் எஸ்நாக் போன்ற ஒன்றோடு மாத்திரையாக்கலாமே என்று கேட்கத் தோன்றும். செய்தே பார்த்தார்கள். ஆயுளை நீட்டிய இன்சுலின் ஒன்றை, எஸ்நாக் போன்ற துணைப்பொருளான சோடியம் காப்ரேட்டோடு மாத்திரையாக்கி, 50 பேரிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் மாத்திரை, நீண்டநேர இன்சுலின் ஊசிக்குச் சமமாகச் சர்க்கரையைக் குறைத்தது. மருந்து வென்றது, கணக்கு தோற்றது. உறிஞ்சப்படாமல் போகும் பங்கை ஈடுகட்ட ஒவ்வொரு மாத்திரையிலும் அவ்வளவு இன்சுலினைத் திணிக்க வேண்டியிருந்தது. அந்த அளவில் தயாரித்துக் கட்டுப்படியாகாது என்று திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

நன்றி, வணக்கம்.